பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர்கள்

1974 ஜூன் 24, திங்கட்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். வேதத்தில் ஓர் அதிகாரம் வாசித்தேன். இரண்டு இட்லி, ஒரு டம்ளர் காபி. எட்டே காலுக்கு வாய்க்கால் கரை வழியே பள்ளிக்கு நடந்தேன். குறுவைக்குத் தண்ணீர் வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. பத்து மணிக்கு நான்காம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது இருமல் வந்தது. கைக்குட்டையில் மிளகளவு இரத்தம். அதை மடித்துப் பையில் வைத்துவிட்டு ஏழாம் வாய்ப்பாட்டை முடித்தேன்.

இதே நோயோடு படுத்திருக்கிறவர்களுக்காக, என் நாட்குறிப்பைப் பார்த்து இதை எழுதுகிறேன். மருந்தைப் பற்றி மருத்துவர்கள் சொல்லிவிடுவார்கள். பக்கத்துக் கட்டிலைப் பார்த்து வரும் பொறாமையைப் பற்றி யாரும் சொல்வதில்லை. அந்த வார்டில் என்னை அதிகம் வாட்டியது அதுதான்.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. பொறையாற்றுப் பக்கம் ஒரு லுத்தரன் பள்ளியில் ஆசிரியை. திருமணம் ஆகவில்லை. சபையில் எனக்கு ஒரு பொறுப்பு இருந்தது. சனிக்கிழமைதோறும் சுகவீனர் பட்டியல் எழுதிப் போதகரிடம் கொடுப்பேன். பெயர், தெரு, வியாதி. ஞாயிறு ஆராதனையில் அவர் அதை வாசித்து ஜெபிப்பார். பிறகு பெண்கள் சிலர் அந்த வீடுகளுக்குப் போய் வருவார்கள். பதினான்கு வருடத்தில் ஒரு வாரமும் நான் தவறவிட்டதில்லை.

கபப் பரிசோதனையில் (சளியில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது) காசநோய் என்று தெரிந்தது. அந்த வாரப் பட்டியலில் என் பெயரை நான் எழுதவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தச்சரின் பெயருக்கு எதிரே ‘காசம்’ என்று எழுதிக் கொடுத்தது நான்தான். அடுத்த ஞாயிறு அவர் மனைவி கோயில் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள்; பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அது எனக்கு மறக்கவில்லை.

வயிற்றுப்புண், சென்னையில் சிகிச்சை என்று விடுப்புக் கடிதம் கொடுத்தேன். பட்டியல் நோட்டை என் சக ஆசிரியை ரூத்திடம் ஒப்படைத்தேன். ஜூலை 3 அன்று, யாரும் தெரிந்தவர்கள் வராத தூரத்தில், தஞ்சாவூரைத் தாண்டி இருந்த காசநோய் மருத்துவமனையில் சேர்ந்தேன். மறுநாளிலிருந்து தினம் ஒரு ஊசி, இடுப்பில், ஒரு நாள் இடது, ஒரு நாள் வலது. ஊசி மூன்று மாதம், மாத்திரை ஒன்றரை வருடம் என்றார் டாக்டர்.

பக்கத்துக் கட்டிலில் சவேரியம்மாள். மன்னார்குடிச் சாலையில் ஒரு கிராமம், நடவு வேலை, கத்தோலிக்கப் பெண். ஞாயிறு மூன்று மணிக்கு அவளைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்று செபமாலை சொன்னார்கள். அவள் காலைப் பிடித்துவிட்டார்கள். அவளைக் கேலி செய்தார்கள்.

“என்னடி, ஆஸ்பத்திரி ரொட்டி தின்னு கன்னமெல்லாம் உப்பிப் போச்சு? மிராசுதார் பொண்டாட்டி மாதிரி இருக்கே.”

“மாத்திக்கிறியா? நீ வந்து ஊசி போட்டுக்க, நான் போய் நடுறேன்.”

சிரிப்பு வார்டு முழுவதும் கேட்டது. நாட்குறிப்பில் எழுதினேன்: “சவேரி, 6 பேர். எனக்கு, இல்லை.” அடுத்த ஞாயிறு ஏழு பேர். அதற்கடுத்த ஞாயிறு மறுபடி ஆறு. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு எண்ணினேன். வேதத்தைத் திறந்தாலும் அவர்கள் காலடிச் சத்தம்தான் காதில் விழுந்தது.

ஜூலை 22 அன்று நர்ஸிடம், ஒரு நோயாளிக்கு இரண்டு பேர்தான் என்ற விதி வார்டில் நடப்பதில்லை என்றேன். பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

28ஆம் தேதி சவேரியின் ஆட்களில் இரண்டு பேர்தான் உள்ளே வந்தார்கள். மற்ற நான்கு பேரும் கம்பி வேலிக்கு வெளியே வெயிலில் நின்று செபமாலை சொன்னார்கள். ஜன்னல் வழியே எல்லாம் தெரிந்தது. எனக்குக் கிடைக்கும் என்று நினைத்த நிம்மதி கிடைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை டாக்டரிடம், என்னை அனுப்பிவிடுங்கள் என்றேன். இருபத்தேழு ஊசி முடிந்திருந்தது.

“பாதிப் பரீட்சையில எழுந்து போற பிள்ளைக்கு நீங்க பாஸ் போடுவீங்களா டீச்சர்?” என்றார். “இப்ப நிறுத்தினா கிருமி மருந்துக்குப் பழகிடும். அடுத்த தடவ இந்த ஊசி கேக்காது. உயிருக்கே ஆபத்து. வீட்ல யாரையாவது வரச் சொல்லுங்க, பேசறேன்.”

வரச் சொல்ல யாரும் இல்லை என்றேன். நாளைக்குப் பதில் சொல்லுங்கள் என்று போய்விட்டார்.

கேட்டுக்கொண்டிருந்த சவேரி எழுந்து உட்கார்ந்தாள். “டீச்சர், நீங்களும் வேதக்காரவங்கதானே? ஒங்க கோயில்ல சொல்லலியா?”

“ஒன்ன மாதிரி எனக்குச் சொந்தக்காரங்க கிடையாது.”

“எனக்கு மட்டும் ஏது? போன வருசம் வீட்டு மனைக்குப் பட்டா வந்ததுலேர்ந்து பண்ணைக்கும் எங்க தெருவுக்கும் ஆவல. நெல்லுக்கூலி கூட்டிக் கேட்டதுல கேசு போட்டு எங்க வீட்டுக்காரரு திருச்சி ஜெயில்ல இருக்காரு. பிள்ளையும் இல்ல. இங்க வர்றவளுவ எங்கூட வரிசையில நின்னு நடுறவளுவ. எனக்கு விட்ட எடத்தயும் சேத்து அவளுவளே நட்டுடுறாளுவ.”

“காசம்னு தெரிஞ்சுமா வர்றாங்க?”

“பூசையில சாமியார வுட்டுச் சொல்லச் சொன்னதே நான்தான். சொல்லாட்டி எப்புடி வருவாளுவ?”

அன்று மாலை முழுவதும் அவள் மேல் எனக்குக் கோபமாகவே இருந்தது. புதன்கிழமை காலை ஒரு தாள் எடுத்து, பதினான்கு வருடம் எழுதிய அதே முறையில் எழுதினேன். எஸ்தர், ஆசிரியை, மாதாகோயில் தெரு. வியாதி, காசம். இருக்குமிடம், பெண்கள் வார்டு, ஒன்பதாம் கட்டில். போதகருக்குத் தபாலில் அனுப்பினேன். டாக்டரிடம் இரண்டு வாரம் பார்க்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 4, யாரும் வரவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு. மூன்றேகாலுக்குப் போதகரின் மனைவியும் ரூத்தும் வார்டு வாசலில் நின்றார்கள். நான் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டேன். போதகரின் மனைவி நேராக வந்து என் கட்டிலிலேயே உட்கார்ந்தார்.

“ஏன் எஸ்தர், எங்கள இப்படி அலைய விட்டே? சென்னை விலாசம் கேட்டு யார் யாருக்கோ காயிதம் போட்டோம்.”

ரூத் சொன்னாள்: “நாலு வாரமா ஒங்க வயித்துக்காக ஜெபம் பண்ணினோம்க்கா. நெஞ்சுன்னு தெரியாம போச்சு.”

“கர்த்தருக்குத் தெரியும். நமக்குத்தான் தெரியல,” என்றார் போதகரின் மனைவி.

எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பில் இருமலும் வந்தது. இருவரும் நகரவில்லை. போன ஞாயிறு பட்டியலை வாசித்தபோது சபை அமைதியாகிவிட்டதாம். கூட வருகிறேன் என்ற இரண்டு பேர் பிறகு வேண்டாம் என்றார்களாம். “பேரு கேக்காதீங்க,” என்றாள் ரூத். நான் கேட்கவில்லை.

“போதகர் ஐயா வரலியா?”

“வந்திருக்காங்க. ரெண்டு பேர்தான் உள்ள வரலாம்னு நர்ஸ் சொல்லிட்டாங்க. புதுசா கண்டிப்பாம். ஐயா வெளியே நிக்கறாங்க.”

எழுந்து ஜன்னலுக்குப் போனேன். அறுபது வயதுக்காரர், வெள்ளை அங்கியோடு வேலிக்கு வெளியே நின்றார். பக்கத்தில் சவேரியின் ஆட்கள் நான்கு பேர் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி தன் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்திருந்தாள். அவள் தலையில் வெயில் விழுந்தது. அவர்கள் செபத்தில் மாதாவை நோக்கிச் சொல்லும், இவருக்குப் பழக்கமில்லாத வரிகள் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும் கையை உயர்த்தினார்.

அப்போதும் எண்ணினேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு ஆறு, எனக்கு மூன்று. அந்தப் பழக்கம் இன்றும் என்னை முழுவதும் விடவில்லை. ஆனால் வேலிக்கு வெளியே நின்ற ஐந்து பேரில் யார் யாருக்காக நின்றார்கள் என்று அன்று பிரித்து எழுத முடியவில்லை.

அவர்கள் போன பிறகு டாக்டருக்கு, ஊசி முடியும்வரை இருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். மூன்று மாதம் என்பது அதுவரை எனக்கு வெறும் நீளமாக இருந்தது. அன்று அது ஞாயிறுகளாகப் பிரிந்தது. மூச்சு இழுக்கும்போது வலது விலாவில் பிடித்துக்கொண்டிருந்த இடம் அப்படியேதான் இருந்தது. அதைச் சுற்றி மற்ற உடம்பும் இருக்கிறது என்று தெரிந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. ஐந்தரைக்கு எழுந்ததும், பல் துலக்குவதற்கு முன், சவேரியின் கட்டிலருகே போய், “ரெண்டு பேருக்கு மேல விடக்கூடாதுன்னு நர்ஸ்கிட்ட சொன்னது நான்தான்,” என்றேன்.

அவள் போர்வையை மடித்துக் கால்மாட்டில் வைத்தாள்.

“மொத வாரம் வெயில்ல அந்தோணியம்மாவுக்கு மயக்கம் வந்துருச்சு டீச்சர்,” என்றாள். “நீங்க கட்டுனத நீங்களே அவுத்துவுடுங்க.”

அவள் சிரிக்கவில்லை. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு நர்ஸின் மேசைக்கு நடந்தேன்.