ஆறாவது செம்பு வாஷர்

மிலுங்காவுக்குக் கோபம் வந்தால் செர்பிய மலைக் கிராமமான துபோவிட்சாவின் கோழிகள்கூட வேலி தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விடும் என்பார்கள். கொஞ்சம் மிகைதான். கோழிகள் போகாது, ஆட்கள் போவார்கள். ஐம்பத்து நான்கு வயது. செங்கல் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் லாரி ஓட்டியவள். தொழிற்சாலையை மூடியபோது மற்றவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டுக்குப் போக, இவள் தான் ஓட்டிய லாரியையே ஏலத்தில் எடுத்து ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அதற்குக் கரோன்யா என்று பெயர் வைத்தாள். அந்த மலையில் கறுப்பு எருதுக்கு வைக்கிற பெயர் அது. அதன் என்ஜினை இவள் கரைத்துக் குடித்தவள். வேறு யாரையும் கை வைக்க விட்டதில்லை.

கணவன் வுக்கோமன் நேர் எதிர். ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது. ஆனால் அவன் பீன்ஸ் சூப் வைத்தால் தெருவே மணக்கும். அவள் கத்துவாள், அவன் கிண்டுவான். முப்பது வருடமாக இப்படித்தான் நல்லபடியாக ஓடுகிறது.

அந்த ஜூலையில் கரோன்யாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. வெள்ளைப் புகை, தடதட ஆட்டம், பழம் ஏற்றிப் போகையில் இரண்டு முறை நடுவழியில் நின்றும் போனது. ராஸ்ப்பெரி காத்திருக்கிற பழம் இல்லை. காலையில் பறித்ததை மாலையே குளிர்கிடங்கில் சேர்க்காவிட்டால் பெட்டியோடு சாறாகிவிடும். ஊர் கூடிப் பேசிவிட்டது: வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கரோன்யா நாற்சந்தியில் நிற்கவில்லையென்றால், பருவம் முடியும்வரை பழம் ஏற்றுகிற வேலை டவுனிலிருந்து வரும் குளிர்வண்டிக்காரனுக்கு. ராஸ்ப்பெரி ஓட்டம் போனால் மிலுங்காவுக்கு அந்த வருடமே போன மாதிரி.

வியாழன் காலை ஆறு மணிக்கே வாதுமை மரத்தடியில் என்ஜினைத் திறந்துவிட்டாள். டீசலைப் பீய்ச்சுகிற புது இன்ஜெக்டர்கள் ஆறு, துணியில் சுற்றித் தயாராக இருந்தன. வேலையில் ஒரே ஒரு கண்டம்தான். ஒவ்வொரு இன்ஜெக்டரின் மூக்கடியிலும் ஒரு செம்பு வாஷர் உட்கார்ந்திருக்கும். பழைய இன்ஜெக்டர் வரும்போது வாஷர் சில சமயம் வராமல் குழியிலேயே ஒட்டிக்கொள்ளும். அது தெரியாமல் மேலே புதிதை வைத்து முறுக்கினால், முதல் ஏற்றத்திலேயே என்ஜின் சூட்டைக் கக்கிக்கொண்டு நின்றுவிடும். ஆகவே ஆறு வெளியே வந்தால்தான் ஆறு உள்ளே போகலாம். பழைய இன்ஜெக்டர்களை முட்டை அட்டையில் வரிசையாகக் குத்தி வைத்தாள். வாஷர்களைக் காப்பித் தட்டில் போட்டாள். நான்காவது மட்டும் அடம் பிடித்தது. வளைந்த கம்பியால் கீறி இழுத்து எடுத்தாள்.

செர்பியாவில் வண்டியின் மூடியைத் திறந்து வைப்பதும் கல்யாணப் பந்தல் போடுவதும் ஒன்றுதான். தெருவில் போகிறவன் உள்ளே வராமல் போகமாட்டான். வந்தவனுக்குக் காப்பியும் ராக்கியா என்கிற பழச் சாராயமும் கொடுக்காமல் விடக் கூடாது. பக்கத்து வீட்டு ஒப்ராத் ஏழு மணிக்கே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"தங்கச்சி, மூணாவதை இன்னும் கொஞ்சம் இடதுபக்கமா திருப்பு."

"ஒப்ராத் அண்ணே, நீங்க உங்க கிளாஸைத் திருப்புங்க. காலியா இருக்கு."

"நல்லதுக்குத்தான் சொன்னேன். எனக்கே ஆயிரம் கவலை. இன்னைக்கு ஆப்ரிகாட் பழத்துல ராக்கியா காய்ச்சணும். கொப்பரைக் குழாய் வேற சொட்டுச் சொட்டா ஒழுகுது."

குழிகளைத் துடைத்து, குழாய் வாய்களை மூடி, கை கழுவிவிட்டு வந்து தட்டை எண்ணினாள். ஐந்து. மறுபடி எண்ணினாள். ஐந்தேதான்.

டார்ச் அடித்துப் பார்த்தாள். ஆறு குழியும் ஒரே கரி. எதன் அடியில் வாஷர் ஒட்டியிருக்கிறதென்று யார் கண்டார்? அப்போது, "என்ன தேடுறே?" என்று ஒப்ராத் கேட்டான். எண்ணிக்கை தப்பிவிட்டது என்று இவனிடமா சொல்வது? மாலைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிடாதா?

"தோடு" என்றாள். "தோடு விழுந்துடுச்சு."

வுக்கோமன் கரண்டியோடு வாசலுக்கு வந்தான். "தோடா? நீ தோடு போட்டு..."

"நீ சும்மா இருய்யா! தேடு!"

அவன் ஒரு நிமிடம் உள்ளே போய் வந்து, புல்லில் முட்டி போட்டான். ஒப்ராத்தும் மண்டியிட்டு, லாரிக்கு அடியெல்லாம் நல்ல மனதோடு துழாவினான். கால் மணி நேரத்தில், "கொப்பரை காத்திருக்கு தங்கச்சி" என்று போய்விட்டான். வுக்கோமன் மட்டும் விடவில்லை. சூப்பைக் கிளறுவான், வந்து தேடுவான், மறுபடி கிளறப் போவான். மிலுங்கா ஒவ்வொரு குழியாகச் சுரண்டினாள். ஊசி மாதிரிக் கம்பி, கரி உள்ளே விழாமல் மசகு தடவிய துணி. ஒன்றிலும் செம்பு மின்னவில்லை. மணி நான்கு. கீழே தோட்டங்களில் பெட்டிகள் அடுக்கும் சத்தம் கேட்டது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் அழுது யாரும் பார்த்ததில்லை.

"எதுக்கும் ஒப்ராத்தைக் கேளேன்" என்றான் வுக்கோமன் மெதுவாக. "அவன்தானே தட்டுப் பக்கத்துல உட்கார்ந்திருந்தான்."

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு வேலியருகே போனாள். "ஒப்ராத் அண்ணே! தோடு இல்ல. செம்பு வாஷர். ஒண்ணு குறையுது."

ஒப்ராத்தின் முகம் விழுந்துவிட்டது. "அடக் கடவுளே! பழசு, நீ எப்படியும் தூக்கிப் போடுறதுதானேன்னு ஒண்ணை எடுத்துக் குழாய்ல மாட்டிட்டேன். மண்டி போட்டுத் தேடினப்போ அது என் சட்டைப் பையில இருந்துச்சு! வாஷர்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

குழாயிலிருந்து ராக்கியா நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்த மலையில் கொப்பரை பாதியில் இருக்கும்போது அடுப்பை அணைக்கிறவன் கிடையாது.

"உங்க வார்த்தை போதும். நான் போய்ப் புதுசை மாட்டிடறேன்" என்றாள்.

"போதாது. வேற எங்கேயோ கிடந்ததை நான் எடுத்திருந்தா? மலையில நிக்கப்போறது நீ." ஒரு வாளித் தண்ணீரை நெருப்பில் கொட்டினான். குழாயைக் கழற்றி, வாஷரை இடுக்கியில் கொண்டுவந்து காட்டினான். ஓரத்தில் அவள் கம்பி கீறிய கோடு. நான்காவதேதான்.

பிறகு கைகள் பறந்தன. புது வாஷர், புது இன்ஜெக்டர், குழாய், முறுக்கு. முப்பது வருடத்தில் முதல்முறையாக வுக்கோமனை ஓட்டுநர் இருக்கையில் ஏற்றினாள். "சொன்னா திருப்பு, நிறுத்துன்னா நிறுத்து!" அவன் சாவியைத் திருப்ப, இவள் நட்டுகளைத் தளர்த்திக் காற்றை வெளியேற்ற, கரோன்யா இரண்டு முறை தும்மிவிட்டுச் சீராகப் பாடத் தொடங்கியது. ஒப்ராத் தொப்பியைக் கழற்றி வீசினான். பழைய வாஷர் ஆறையும் அவன் கையில் திணித்தாள். "எல்லாம் உங்களுக்கே. மறுபடி அடுப்பை மூட்டுங்க."

ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கரோன்யா நாற்சந்தியில் நின்றது. பெட்டிகள் ஏறின. மலையிறக்கத்தில் புகை இல்லை, ஆட்டம் இல்லை. பக்கத்தில் மடியில் சூப்புப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்த வுக்கோமன், சட்டைப் பையில் கைவிட்டு எதையோ எடுத்து நீட்டினான். கல்யாணத்துத் தோடு. இரண்டும்.

"இது எங்கேய்யா கிடைச்சுது?"

"பெட்டியில. காலையிலேயே பார்த்துட்டேன்."

"அப்போ நான் பொய் சொன்னது தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா நாலு மணி வரைக்கும் புல்லுல தவழ்ந்தே?"

"நீ தேடிட்டு இருந்தியே" என்றான் வுக்கோமன். "உன்னை மட்டும் எப்படித் தேட விடுறது?"

அடுத்த வளைவில் மிலுங்கா வண்டியை ஓரங்கட்டினாள். என்ஜினை நிறுத்தவில்லை. கரிக்கையாலேயே இரண்டு தோட்டையும் மாட்டிக்கொண்டு, கண்ணாடியில் ஒரு முறை பார்த்துவிட்டு, கியரைப் போட்டாள்.