குங்குமம் படிந்த ராணிக்காசு

வேல் தாங்கிய கரத்தானே, முதியவன் சொல்லில் பொய் கலவாமல் காத்தருள்க.

இன்று தை வெள்ளி. பூசைப் பாத்திரங்களைப் புளியிட்டுத் துலக்கிக்கொண்டிருந்த மருமகள் என் தகரப் பெட்டியையும் எடுத்துவந்து, "மாமா, இந்தக் காசையும் தேச்சு வச்சிரட்டுமா? ரொம்பக் கறுத்துக் கெடக்கு" என்றாள். "தொடாதேம்மா!" என்று நான் கத்திய கத்தலில் அவள் கையிலிருந்த விளக்கு நழுவிற்று. பாவம், அவள் என்ன அறிவாள்? அந்தப் புளிமணம் என்னை இழுத்துச் சென்ற இடத்தை உங்களிடமாவது சொல்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் எழுத்தராக இருந்தேன். வெள்ளைக்காரர் காலத்து வெள்ளி ரூபாய்கள் சேர்ப்பது எனக்குப் பித்து. சுண்டிய ஓசையிலேயே வெள்ளியின் தரம் சொல்வேன். ராணி முகம் தேயாத காசென்றால் சோறு வேண்டாம். மதியம் வேப்பமரத்தடியில் கேலி தொடங்கிவிடும். "இவரு பொண்ணு பாக்கப் போனாலும் பொண்ணு மொகத்தப் பாக்க மாட்டாருலே. தட்டுல இருக்க காசு மொகத்தத்தான் பாப்பாரு!"

சிரிக்காதவர் பொன்னுச்சாமி அண்ணாச்சி ஒருவரே. வெடிமருந்து கலக்குபவர், அலுமினியப் பொடி படிந்து அவர் கைகளே வெள்ளியில் வார்த்தவைபோல் மின்னும். மனைவி சீனியம்மாள் காய்ச்சலில் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. ஒருநாள் மடியிலிருந்து ஒரு துணிமுடிச்சை அவிழ்த்தார்.

"எங்க வீட்டுல வெள்ளிக்கெளம தவறாம பொட்டு வச்சுக் கும்புட்ட காசு தம்பி. எந்த வருசத்துக் காசுன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. எனக்கு எங்கன படிக்கத் தெரியும்? நீங்க பாத்துச் சொல்லுங்க."

சந்தனமும் மஞ்சளும் குங்குமமும் அடுக்கடுக்காய் இறுகி எழுத்தையெல்லாம் மூடியிருந்தன. நடுவே விரல் அழுந்திய சிறு குழி. காசை வீட்டுக்கு எடுத்துப் போனேன். மாசு அகற்றுவதே அருள் என்று பதிகங்களில் ஓதி ஓதி, படிந்தவை எல்லாம் மாசே என்று எண்ணிவிட்ட மூடன் நான். புளியும் சாம்பலும் இட்டுக் காலைப்பொழுதெல்லாம் தேய்த்தேன். ராணி கிரீடத்தோடு எழுந்து வந்தாள்.

"பாத்தீகளா அண்ணாச்சி? இப்பத்தான் அச்சடிச்ச மாதிரி இருக்கு!" என்று நீட்டி, வருடத்தையும் வாசித்துக் காட்டினேன்.

அவர் காசைப் புரட்டினார். மறுபடியும் புரட்டினார்.

"இதுல அவ வெரலு இருந்துச்சே தம்பி."

பிறகு என்னைத் தேற்றுபவர்போல், "நல்லதுக்குத்தான செஞ்சீக. நீங்களே வச்சுக்கிடுங்க. இனி இது ராணி காசு. அவ காசு இல்ல" என்று என் உள்ளங்கையில் வைத்து மூடினார். அவர் விரலின் பொடி காசில் ஒட்டியது.

அதன்பின் அவர் வேப்பமரத்தடிக்கு வரவில்லை. தீபாவளி சீசன் முடிந்ததும் ஏழாயிரம்பண்ணைக்கு வேலை மாறிப் போனார். சில வருடம் கழித்துத் துணிவு வந்து தேடிப் போனபோது, "அண்ணாச்சி தவறிட்டாகளே" என்றார்கள். காசுக்குப் பொட்டு வைக்கச் சொல்லி என் மனைவியை வேண்டினேன். "அந்த அக்கா வச்ச எடத்துல நான் எப்பிடிங்க வைப்பேன்?" என்று மறுத்துவிட்டாள்.

இன்று அந்தக் கம்பெனி இல்லை, வேப்பமரம் இல்லை, என் மனைவியும் இல்லை. அவர் விரல்பொடியையாவது துடைக்காமல் காத்தேன்; அதுவும் எப்போதோ உதிர்ந்துபோயிற்று. வெள்ளி தானே கறுத்துவிட்டது. குங்குமம் மட்டும் திரும்பவில்லை.

இதை வாசிக்கும் அனைவர் இல்லங்களிலும், அன்புடையோர் தொட்ட தடங்கள் எவர் கையும் துலக்கிவிடாமல் நெடுநாள் நிலைக்க அவன் அருள்வானாக.