சுவரைப் பார்த்து உண்பவர்கள்

சிதம்பரத்தில் நான் நடத்தும் மாதப் பத்திரிகைக்கு நானூற்றுச் சொச்சம் சந்தாதாரர்கள். பாதிப்பேர் தேவநாதனின் கட்டுரைக்காகவே வாங்குகிறார்கள். என் தலையங்கத்தை ஒருவரும் படிப்பதில்லை. அந்த எரிச்சல் எனக்கு உண்டு.

தேவநாதன் எழுத்தாளன் என்று போர்டு மாட்டிக்கொண்டவன் இல்லை. என் அச்சகத்துக்குப் பக்கத்து மெஸ்ஸில் மாஸ்டராக இருந்தான். மதியக் கூட்டம் ஓய்ந்ததும் என்னிடம் வந்து, வீணான தாள்களின் பின்பக்கத்தில் ஏதாவது கிறுக்குவான். ஏழு வருடத்துக்கு முன் கொரியாவில், புசான் நகரத்தின் இந்திய ஹோட்டலொன்றில் வேலை கிடைத்துப் போனான். மனைவி பொன்னி கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறாள். ஒரே மகள் இளமதி கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள்.

கொரியா என்றால் எல்லோரும் கட்டடத்தையும் ரயிலையும் எழுதுவார்கள். இவன் சமையல்காரன், அந்த ஊர் எப்படிச் சாப்பிடுகிறது என்று எழுதினான். முன்பெல்லாம் அங்கே தனியாளாகப் போனால் சில கடைகளில் இடம் கொடுக்க மாட்டார்களாம். இப்போது தனியாக வருகிறவர்களுக்கென்றே சுவரைப் பார்த்து மேசை போட்டிருக்கிறார்களாம். அறுவடைப் பண்டிகைக்கு ஊரே சொந்த ஊருக்குக் கிளம்பி, சாலை அடைத்துக்கொள்ளுமாம். ஆனால் அன்றைக்கும் இவன் ஹோட்டலுக்குச் சில இளவட்டங்கள் வருவார்களாம். ஊருக்குப் போனால் கல்யாணம் எப்போது, வேலை என்ன என்று கேட்பார்களே! “இங்கே யாரும் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. முதல் வருடம் அதை மரியாதை என்று எழுதினேன். இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது” என்று ஒரு கட்டுரையை முடித்திருந்தான்.

பங்குனியில் அவன் ஒப்பந்தம் முடிய இருந்தது. தீபாவளிக்குப் போன் செய்தபோது, “கையெழுத்துப் போட்டா இன்னும் மூணு வருஷம்டா. வரட்டுமா, இருக்கட்டுமா?” என்று கேட்டான்.

“இருடா, புத்தகமாவே போட்டுடலாம்” என்றேன். என் பத்திரிகையைத்தான் நினைத்தேன்.

பொங்கல் கழிந்து ஒரு வாசகர் கடிதம் வந்தது. “சுவரைப் பார்த்து உண்பவர்களைப் பற்றிக் கட்டுரையாளர் அருமையாக எழுதுகிறார். அவர் எதைப் பார்த்து உண்கிறார் என்று மட்டும் எழுதவில்லை. மஞ்சக்குப்பத்திலும் ஒருத்தி சுவரைப் பார்த்துத்தான் உண்கிறாள். அவர் திரும்பி வருவாரா? — பொன்னி.”

படித்ததும் எனக்குத் திக்கென்றது. இதைப் போட்டால் அவன் கிளம்பி வந்துவிடுவான், கட்டுரை நின்றுவிடும். இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இரண்டு இதழ்களைத் தள்ளினேன். அதன்பிறகு மனசு கேட்கவில்லை, பங்குனி இதழில் போட்டு, வழக்கம்போல அவனுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன்.

நாலு நாள் கழித்து, இதழை நேரில் கொடுக்க மஞ்சக்குப்பம் போனேன். மதியம் பன்னிரண்டரை. பொன்னி தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எதிரே தண்ணீர்ச் சொம்பில் செல்போனைச் சாய்த்து வைத்திருந்தாள். அதன் திரையில் தேவநாதன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அங்கே மணி நாலு, கடைக்கு ஓய்வு நேரம்.

“வாங்கண்ணா, உக்காருங்க. அவுரு லெட்டரப் படிச்ச நாள்லேருந்து இப்புடித்தான், ரெண்டு பேரும் சேந்து சாப்புடுறோம்” என்று எனக்கும் ஒரு தட்டு வைத்தாள்.

சுவர் அவனுக்குப் பின்னால் தெரிந்தது. அவன் பார்த்துக்கொண்டிருந்தது பொன்னியை.

“சபாபதி, அந்த லெட்டரு எப்படா வந்துச்சு?” என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள், “பொங்கல் கழிச்சே அனுப்பிட்டனே” என்றாள் அவள்.

அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். “நான் போன வாரம்தான் கையெழுத்துப் போட்டேன். முன்னாடியே படிச்சிருந்தா போட்டுருக்க மாட்டேன், பொன்னி.”

என் தப்பை மறைக்க அவள் பக்கம் திரும்பினேன். “நேரா அவன்கிட்டயே சொல்லியிருக்கலாமேம்மா.”

“சொன்னா எனக்காக வந்துடுவாருண்ணா. அப்பறம் ஒரு நாள் சண்டையில சொல்லிக் காட்டுவாரு. ஊரு ஒலகத்தப் பத்தியெல்லாம் எழுதுறவரு, தானாப் படிச்சுத் தானா வரட்டும்னு நெனச்சேன்.” குரலில் கோபமில்லை. “ஏண்ணா, எடம் இல்லாமப் போச்சா?”

“விளம்பரம் ஜாஸ்தியாயிடுச்சும்மா” என்றேன். பச்சைப் பொய்.

அங்கே கடை வாசல் மணி அடித்தது. “ஆளு வந்துட்டாங்க, இருங்க வர்றேன்” என்று தேவநாதன் எழுந்து போனான். செல்போனில் ஒரு வெறும் நாற்காலியும் சுவரும் மட்டும் இருந்தன.

“சாப்புடும்மா, ஆறிப்போவுது” என்றேன்.

“அவுரு வந்துடட்டும்ண்ணா.”

பிசைந்த சோற்றில் கையை வைத்தபடி அவள் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். இருவர் கையும் தட்டிலேயே காய்ந்தன.