கொழும்புக்குத் துக்கம் கேட்கப் போகிறவர்களுக்கு

வியாழக்கிழமை மாலை 5.10. கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கினோம். சென்னையிலிருந்து ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு வந்த இரவு ரயில்தான் நீளமாக இருந்தது.

இலங்கைக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கான குறிப்புகள் நிறையக் கிடைக்கின்றன. எந்தக் கடற்கரை, எந்த மாதம், யானைகளை எங்கே பார்க்கலாம் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். இறந்தவர் வீட்டுக்குப் போகிறவர்களுக்கென்று யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. நானும் இதைத் தெரிந்துகொண்டு போகவில்லை, போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

உடன் வந்தவர் என் அண்ணன் மனைவி பிலோமினா. நான் அவரை மைனி என்று அழைப்பேன். அவருடைய ஒரே அக்கா செசிலி, கொட்டாஞ்சேனையில் வாழ்க்கைப்பட்டு நாற்பத்து மூன்று ஆண்டுகள். செவ்வாய் இரவு தூக்கத்திலேயே போய்விட்டார். புதன் விடியலில் அவருடைய மகள் ரீட்டா தொலைபேசியில் அழைத்து, சொல்லி அழுதாள். மைனியும் அழுதார். எப்போது அடக்கம் என்று கேட்கவில்லை. எங்கள் ஊரில் அதைக் கேட்பதற்கு என்ன இருக்கிறது? ஐஸ் பெட்டியில் ஓர் இரவு வைத்தாலே அதிகம். மறுநாள் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள்.

ஆகவே முகம் பார்க்கும் ஆசையை மைனி அன்றைக்கே விட்டுவிட்டார். கல்லறையையாவது பார்த்து மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வரலாம் என்றார். ஜெருசலேம் யாத்திரைக்காக எடுத்த கடவுச்சீட்டு இருவரிடமும் இருந்தது. இணையவழி நுழைவு அனுமதிக்குப் புதன் காலை விண்ணப்பித்தோம், மாலைக்குள் வந்துவிட்டது. விதிகளும் கட்டணமும் அடிக்கடி மாறுவதால் புறப்படும் நாளன்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

விமான நிலையத்துக்குள்ளேயே பணம் மாற்றினோம்; இரண்டாயிரம் இலங்கை ரூபாய்க்கு ஒரு சிம் அட்டை வாங்கினோம். வரும் செய்தியை ரீட்டாவுக்குச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன்.

"வேண்டாம். சொன்னா ஏர்போர்ட்டுக்கு ஆள் அனுப்புவா. எழவு வீட்டுக்காரங்களுக்கு நம்மளால எதுக்கு வேலை?" என்றார் மைனி.

அதிவேக வீதி வழியாக வெள்ளவத்தைக்கு வாடகைக் காரில் ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய். அங்கே காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒரு குறுக்குத் தெருவில், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சரோஜினி அக்கா தம் வீட்டின் மேல்மாடியை வாடகைக்கு விடுகிறார். வெள்ளவத்தையில் தமிழ் மட்டும் தெரிந்தாலே போதும். சைவச் சாப்பாட்டுக்கும் குறைவில்லை. தங்குவதற்கு இதைவிட வசதியான பகுதி எங்களுக்குத் தெரியவில்லை.

வெள்ளி, காலை. அன்று நாங்கள் எங்கும் போகவில்லை. அது என் யோசனை. அடக்கம் முடிந்த வீடு களைத்துக் கிடக்கும். ஒரு நாள் ஓய்வு கொடுத்துச் சனிக்கிழமை போவதே மரியாதை என்று மைனியிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. கடற்கரையை ஒட்டிய தண்டவாளத்தின் ஓரமாகச் சிறிது தூரம் நடந்துவிட்டு வந்தோம்.

பகல் 12.40. சரோஜினி அக்கா சோறும் கத்தரிக்காய்ப் பால்கறியும் பரிமாறிவிட்டுத் தாமும் எதிரே அமர்ந்தார்.

"எப்ப எடுத்தவையாம்?" என்று கேட்டார்.

"புதன்கிழமை எடுத்திருப்பாங்க" என்றேன்.

"ஆர் சொன்னது?"

"யாரும் சொல்லலை."

அவர் கையை இலைக்கு மேலேயே நிறுத்தினார். "செத்தவவுக்குப் பிள்ளையள் எங்க?"

"மக இங்க. மகன் மிலான்ல" என்றார் மைனி.

"மகன் இத்தாலியில. அப்ப அவன் வராமல் எடுப்பினமோ? இஞ்ச உடம்பு பழுதாகாமல் எம்பாம் பண்ணி மூண்டு நாள், நாலு நாள் வைச்சிருப்பினம். உங்கட ஊரில செத்த ஆளை அவ்வளவு அவசரமாவே அனுப்புறனியள்?" சொல்லிக்கொண்டே எழுந்து, சாய்வு நாற்காலியில் கிடந்த தமிழ் நாளிதழை எடுத்தார். மரண அறிவித்தல்களுக்கென்றே அதில் ஒரு முழுப் பக்கம். விரலால் தடவிக்கொண்டே போனவர் நின்றார். "கொட்டாஞ்சேனை. செசிலி. இவவோ?"

சிறிய படம்தான். மைனி அதைப் பார்த்த உடனே எழுந்துவிட்டார்.

இன்று பிற்பகல் 2.30க்கு வீட்டில் செபம், 3 மணிக்குத் தேவாலயத்தில் திருப்பலி, பின்னர் மாதம்பிட்டி மயானத்தில் நல்லடக்கம் என்று போட்டிருந்தது.

"பிளேன் பிடிச்சு வரத் தெரிஞ்சுது, ஒரு போன் எடுக்கத் தெரியேல்லை" என்றார் அக்கா. ஒரு நாளைத் தள்ளிப்போட்ட குற்றம் என்னுடையது. ஆனால் திட்டிக்கொண்டே அவர் அலமாரியைத் திறந்து தமது வெள்ளைச் சேலையை எடுத்து மைனியின் கையில் வைத்தார். அங்கே துக்கத்துக்கு வெள்ளைதான். மைனி உடுத்தியிருந்தது அடர் நீலம்.

"டாக்ஸி பிடிக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை, தொழுகை விடுற நேரம். காலி வீதியில நிண்டு புதினம் பாக்கப் போறியளோ? ரயிலில போங்கோ. ஒண்டு இருபதுக்கு ஒண்டு வரும்."

நகருக்குள் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். பகலில் ரயில்கள் குறைவு, ஆனால் நெரிசல் இல்லை. வெள்ளவத்தையிலிருந்து கோட்டை நிலையத்துக்குத் தலைக்கு நாற்பது ரூபாய். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு என்று நிலையங்கள் வந்து போயின. இடப்புறம் கடல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மைனி அதைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு நிலையத்திலும், "இதா?" என்று மட்டும் கேட்டார். பன்னிரண்டு ஆண்டுகளாகப் பார்க்காத அக்கா.

1.50. கோட்டை நிலையத்துக்கு வெளியே நின்ற முச்சக்கர வண்டிக்காரரிடம் மீட்டர் போடுவாரா என்று கேட்டேன். ஏறுவதற்கு முன் கேட்டுவிட வேண்டும்.

"போடுறன் மிஸ். எங்க?"

"கொட்டாஞ்சேனை. ஒரு சாவு வீடு."

"எத்தினை மணிக்கு எடுக்கிறாங்க?"

"ரெண்டரைக்குச் செபம்."

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "புறக்கோட்டைக்குள்ள போனா இண்டைக்கு வெளியில வரேலாது. துறைமுகப் பக்கத்தால போவம். மீட்டர் கொஞ்சம் கூட ஓடும், பிறகு எனக்கு ஏசக்கூடாது."

"ஏச மாட்டோம்" என்றார் மைனி. ரயிலேறியதிலிருந்து அவர் பேசிய முதல் முழுப் பேச்சு அது.

நான்கு கிலோமீட்டருக்குக் குறைவான தூரம். கொள்கலன் லாரிகளுக்குப் பின்னால் இருபத்தைந்து நிமிடம் ஊர்ந்தோம். வீட்டு எண் எங்களிடம் இருந்தது, ஆனால் தேவைப்படவில்லை. சந்தின் முனையிலிருந்தே குறுக்குக் கயிறுகளில் வெள்ளைக் கொடிகள் கட்டியிருந்தார்கள். "இந்தக் கொடியப் பிடிச்சுக்கொண்டு போங்க, வீடு வரும்" என்று சொல்லி வண்டியை நிறுத்தினார். மீட்டர் நானூற்றைம்பது. மீதிச் சில்லறைக்கு நான் நிற்கவில்லை. மைனி முன்னே போய்விட்டார்.

2.22. கூடத்தில் பெட்டி திறந்திருந்தது. ரீட்டா எங்களைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சின்னம்மா. வரமாட்டீங்க எண்டு நினைச்சனான்."

மைனி பெட்டியருகே போய் நின்றார். குனிந்து முகத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, மிக மெதுவாக, "இது அவ இல்லையே" என்றார்.

இதையும் சொல்ல வேண்டும். பதனம் செய்து, மாவு பூசி, உதட்டில் நிறமிட்டு, கைகளுக்கு வெள்ளை உறை மாட்டிச் செபமாலையைச் சுற்றி வைத்திருக்கும் உடல் நம் கண்ணுக்குப் பழக்கமில்லாதது. மூன்று நாள் காத்திருப்பதற்குக் கொடுக்கும் விலை அது. போகிறவர்கள் மனத்தைச் சற்று ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும்.

"ரீட்டா, அந்தக் கையுறையக் கழட்டலாமா? வலது கை மட்டும்" என்றார் மைனி.

ரீட்டா, உடலைப் பதனம் செய்து கொடுத்த மலர்ச்சாலையின் ஊழியரைப் பார்த்தாள். அவர் வாசலில் நின்றிருந்த பாதிரியாரைப் பார்த்தார். பாதிரியார் தலையசைத்தார். ஊழியர் செபமாலையைத் தளர்த்தி, விரல் விரலாக உறையை உருவினார். சுண்டுவிரல் வெளிப்புறமாகக் கோணியிருந்தது.

"நான்தான் கதவைச் சாத்துனேன். எனக்கு நாலு வயசு. அக்கா அம்மாகிட்ட என்னைச் சொல்லவே இல்ல, காத்துல சாத்திருச்சுன்னு சொல்லிட்டா" என்று மைனி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். கொழும்புக்கு வந்த பிறகு அப்போதுதான் அழுதார். மிலானிலிருந்து முந்தைய இரவு வந்திருந்த மகன் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து அவருக்குப் பின்னால் போட்டான். செபம் 2.45க்குத்தான் தொடங்கியது. யாரும் கடிகாரம் பார்க்கவில்லை.

ஞாயிறு, காலை 9.30. மீண்டும் கட்டுநாயக்க. எங்கள் ஊரில் தொலைவிலிருந்து வருகிற பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் மண்மேடுதான் மிஞ்சுகிறது. பாதி வழியில் இருக்கும்போதே, எடுத்துவிட்டோம் என்ற செய்தி வந்துவிடும். கொழும்பில் இறந்தவர் காத்திருக்கிறார். எது சரி என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. போகிறவர்கள் நேரத்தைக் கேட்டுவிட்டுப் போங்கள் என்று மட்டும் சொல்வேன்.

புறப்பாட்டுக் கூடத்தில் மைனி, "எனக்கும் ரெண்டு நாள் வைங்க. எம் மகன் அந்தோணி துபாய்ல இருந்து வரணும்ல" என்றார்.

"ஊர்க்காரங்க பொறுக்க மாட்டாங்க மைனி."

"நீ எடுத்துச் சொன்னா பொறுப்பாங்க. எழுதி வச்சுக்கோ."

கட்டணங்களும் ரயில் நேரங்களும் குறித்திருந்த ஏட்டில் ஒரு புதிய பக்கத்தைத் திருப்பி, தேதியிட்டு எழுதினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை இருமுறை படித்தார். இரண்டு நாள் என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, மூன்று என்று தம் கையாலேயே திருத்தி, கீழே கையெழுத்திட்டுக் கொடுத்தார்.