இரண்டு பேராக வந்தால் மட்டும்

போன வாரம் காலையில் ஆம்லெட்டுக்காக உடைத்த முட்டை ஒன்று கெட்டுப்போயிருந்தது. மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல்களைத் திறக்க ஓடினாள். நான் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். கொஞ்சம் ரசித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

"என்னம்மா இது, மோந்து பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்றாள் மருமகள்.

என் பதினேழாம் வயதின் வாசனை இதுதான் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பாள். உங்களிடம் சொல்லலாம், நீங்கள் அப்படியெல்லாம் செய்யமாட்டீர்கள்.

சிலருக்குப் பூவாசம், சிலருக்குப் புதுமழை மண். எனக்கு வாய்த்தது அழுகல் முட்டை. அதற்குக் காரணம் ஒரு பட்டியல். பல்கலைக்கழகத்தில் சேர என்னென்ன பாடங்களில் தேறியிருக்க வேண்டும் என்று தட்டச்சு செய்த ஒற்றைத் தாள் அது. மெர்டேக்காவுக்கு, அதாவது நாடு சுதந்திரம் வாங்கியதற்கு, முந்தின வருடம் எங்கள் பெண்கள் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் குத்தியிருந்தார்கள். அதை யாரும் சீந்தவில்லை. சீனியர் பரீட்சை பாஸ் பண்ணினாலே எங்களுக்குப் பெரிய காரியம். டீச்சராகலாம், நர்சாகலாம், பெண் பார்க்க வருகிறவர்களிடம் அப்பா கொஞ்சம் குரலை உயர்த்திச் சொல்லிக்கொள்ளலாம். அந்தத் தாளை நின்று படித்தவள் ஒருத்திதான். அவள் பரீதா.

பரீதாவின் வாப்பா டவுனில் மசாலாக் கடை வைத்திருந்தார். நானும் அவரை வாப்பா என்றே கூப்பிடுவேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே உயரம், அதனால் ஒரே பெஞ்சு. எங்கள் நட்புக்கு வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது. அச்சடித்தது எதுவானாலும் அவள் படித்துவிடுவாள். மிளகாய்த்தூள் மடித்த காகிதத்தைப் பிரித்து, ஓரத்தில் கிழிந்துபோன செய்தியின் மிச்சத்தை யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

பட்டியலை நோட்டில் எழுதிக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டினாள். ஆங்கிலம், கணக்கு, இன்னொரு மொழி. எதிலும் வெறும் பாஸ் செல்லாது, 'கிரெடிட்' வாங்கவேண்டும். மொழிக்கு எங்களிடம் மலாய் இருந்தது. காஜா பேராங்கில் வளர்ந்தவளுக்கு மலாய் வராமல் என்ன செய்யும்? எங்கள் வீட்டுக்குப் பின்னால் முழுக்க, பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தங்கிவிட்ட செட்டிக் குடும்பங்கள். நம்மைப் போலவே திருநீறு, நம்மைப் போலவே மாரியம்மன். வாயைத் திறந்தால் மட்டும் மலாய். சின்ன வயதில், வேண்டுமென்றேதான் தமிழ் தெரியாத மாதிரி நடிக்கிறார்கள் என்று நினைத்து அவர்கள் பிள்ளைகளுடன் சண்டை போட்டிருக்கிறேன். சண்டையையும் மலாயில்தான் போட்டேன். அப்படி வந்த மலாய்.

இடித்தது நான்காவது வரி. 'ஆய்வகத்தில் செய்முறையோடு படித்த விஞ்ஞானப் பாடம் ஒன்று.' எங்கள் பள்ளியில் தையல் உண்டு, சமையல் உண்டு, ஆரோக்கியம் என்று ஒரு பாடம் உண்டு. ஈ மொய்த்ததைத் தின்னக்கூடாது என்பதுவரைக்கும் எங்கள் விஞ்ஞானம். ஆய்வகம் ஆண்கள் பள்ளியில் மட்டும்தான் இருந்தது.

பரீதா நேராகத் தலைமையாசிரியையிடம் போனாள். அவர் வெள்ளைக்காரப் பெண்மணி. கண்டிப்பு அதிகம், சிரிப்பு குறைவு. ஆனால் இரண்டு வாரத்தில் பதில் சொன்னார். சனிக்கிழமை காலையில் ஆண்கள் பள்ளியின் கெமிஸ்ட்ரி செய்முறை வகுப்பில் உட்காரலாம், பாடத்தைப் புத்தகம் வைத்துத் தானே படித்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு பெண்ணைத் தனியாக அனுப்ப முடியாது. இரண்டு பேராக வந்தால் மட்டும்.

"நீ வாடி" என்றாள் பரீதா.

"எனக்கு எதுக்குடி கெமிஸ்ட்ரி?"

"உனக்கு வேணாம்லா. எனக்கு வேணும். நீ சும்மா பக்கத்துல நில்லு, போதும்."

இப்படித்தான் நான் விஞ்ஞானத்துக்குள் நுழைந்தேன், பக்கத்தில் நிற்பதற்காக. வீட்டில் அம்மா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். அப்பா கிளேபாங் போகும் பஸ்ஸில் கண்டக்டர். நாள் முழுக்க ஊர் சனங்களைப் பார்க்கிறவர். "ரெண்டு பேரா போறாங்கன்னா சரி. அங்க போயி வாயாடாம இருந்தா போதும்" என்று முடித்துவிட்டார். பரீதாவோ தன் வீட்டில் கேட்கவே இல்லை. என் வீட்டுக்குத் தையல் பழகப் போவதாகச் சொல்லிவிட்டாள். அவள் கையில் ஒரு தையல் பை. அதற்குள் பூவேலை போட்ட தலையணை உறை ஒன்று, வருடம் முழுக்க அதே பாதிப் பூவோடு கிடந்தது.

முதல் சனிக்கிழமை அந்த வாசலில் நாங்கள் நின்றதும் இருபத்தைந்து பையன்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், உயரமாக இருப்பார். எங்களைப் பார்க்காமல் கரும்பலகையைப் பார்த்து, "கடைசி மேசை" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்த வருடம் முழுக்க எங்களிடம் சொல்லவேண்டியதையெல்லாம் அவர் கரும்பலகையிடம்தான் சொன்னார். கடைசி மேசைக்குப் பக்கத்தில்தான் வாயு தயாரிக்கும் கண்ணாடி அலமாரி. அதன் கதவு சரியாகச் சாத்தாது. கந்தகவாயு கசிந்து, அழுகல் முட்டை நாற்றம் நேராக எங்கள்மேல் வீசும். பையன்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். வீட்டுக்குப் போனால் அம்மா என் தலைமுடியை மோந்துவிட்டு, "படிக்கப் போனியா, சாக்கடை அள்ளப் போனியா?" என்பார்.

நான் உடைத்த கண்ணாடிக் குழாய்களைப் பற்றிப் பேசவேண்டாம். பரீதா ஒன்றைக்கூட உடைக்கவில்லை. ஒரே ஒரு முறை அமிலம் தெறித்து அவள் தாவணியில் மிளகளவு ஓட்டை விழுந்தது. அன்று மாலை அவளுடைய உம்மா அதைக் கண்டுபிடித்தார். தையல் ஊசி அப்படி ஓட்டை போடாது என்பது அவருக்குத் தெரியும்.

அடுத்த சனிக்கிழமை வாசலில் நிழல் விழுந்தது. வெள்ளைத் தொப்பி, கைலி, தோளில் துண்டு. வாப்பா! நான் கையிலிருந்த குடுவையை மேசைமேல் வைத்துவிட்டேன். பரீதா பார்க்கவில்லை. அவள் அப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தராசில் சோடா உப்பு நிறுத்துக்கொண்டிருந்தாள். அதில் எடைக்கற்களைக் கையால் தொடக்கூடாது, இடுக்கியால்தான் எடுக்கவேண்டும். மூச்சுக்காற்று பட்டால்கூடத் தட்டு ஆடும். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கரண்டி நுனியைத் தட்டித் தட்டித் துகள்களாகப் போட்டாள். முள் நடுவில் வந்து நின்றது.

மாஸ்டர் அவரிடம் போய் ஏதோ கேட்டார். வாப்பா தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்து எங்கள் மேசையருகில் நின்றார். பரீதா நிமிர்ந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"இது எம்புட்டு வரைக்கும் காட்டும்?" என்று கேட்டார்.

"ஒரு கிராமை ஆயிரம் பங்கு வச்சா, அதுல ஒரு பங்கு வரைக்கும் காட்டும், வாப்பா."

அவர் குனிந்து முள்ளைப் பார்த்தார். நாற்பது வருடமாக மஞ்சளும் மல்லியும் நிறுக்கிற மனிதர். "பொய் சொல்லிட்டு வந்தியே, அதத்தான் தாங்க முடியல" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று திரும்பி, "வரும்போது ரெண்டு பேரும் பஸ்ஸுல வாங்க, வெயில்ல நடக்காதீங்க" என்றார். வேறு அனுமதி எதுவும் அவள் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. தையல் பையை மட்டும் அதற்குப் பிறகு அவள் கொண்டுவரவில்லை.

வருடக் கடைசியில் பரீட்சை. செய்முறைப் பரீட்சையில் ஒரு வெள்ளைப் பொடியைக் கொடுத்து, அது என்னவென்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். அன்றைக்குப் பார்த்துப் பரீதாவுக்குக் கடுமையான ஜலதோஷம். மூக்கு இரண்டும் அடைத்து, கண்கள் சிவந்து வந்தாள். பொடியில் நான் அமிலம் விட்டதும் நுரைத்தது. கூடவே அந்த வாசனை, ஒரு வருடமாக என் தலைமுடியில் குடியிருந்த வாசனை! எனக்கு வேறு சோதனையே தேவைப்படவில்லை. சல்பைடு என்று எழுதிவிட்டேன்.

வெளியே வந்ததும் பரீதா கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "கார்பனேட்தானே? நல்லா நுரைச்சுச்சுலா" என்றாள்.

கார்பனேட்டும் அப்படித்தான் நுரைக்கும், வாசனைதான் இருக்காது. நான் தலையாட்டினேன். ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், பஸ் வருகிறது என்றும் வைத்துக்கொள்ளலாம் என்பதுபோல ஓர் ஆட்டல்.

தாள்களெல்லாம் கப்பலில் இங்கிலாந்து போய்த் திருத்தப்பட்டு முடிவு வர மூன்று மாதம் ஆகும். அந்த மூன்று மாதமும் அவள் வீட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். முடிவு வந்தது. பக்கத்தில் நிற்கப் போனவளுக்குக் கெமிஸ்ட்ரியில் கிரெடிட். கெமிஸ்ட்ரிக்காகவே போனவளுக்கு வெறும் பாஸ்.

அறிவிப்புப் பலகை முன்னால் அவள் வெகுநேரம் நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"முட்ட வாடை அடிச்சுச்சா?"

"ஆமாடி."

"அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல?"

சொல்லியிருந்தாலும் முடிவு மாறியிருக்காது. அவளும் அதற்காகக் கேட்கவில்லை.

அதே பாடங்களை மறுபடி எழுத வழி இருந்தது. அதற்கு மறுபடி ஒரு வருடச் சனிக்கிழமைகள், மறுபடி இரண்டு பேர். எங்களுக்குப் பின்னால் வந்த வகுப்பில் விஞ்ஞானம் கேட்ட பெண் ஒருத்தியும் இல்லை. எனக்கோ சிங்கப்பூரில் மாமா வீட்டில் தங்கி, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய இரண்டு வருட வகுப்பில் சேர இடம் கிடைத்துவிட்டது. பரீதா எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் பெட்டி திறந்து கிடந்தது. அம்மா முறுக்கு டின்னை அதில் எப்படியாவது நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமை மட்டும்தான்..." என்று ஆரம்பித்தாள். பெட்டியைப் பார்த்தாள். "சனிக்கிழமை மட்டும்தான் ரயிலா, தினமும் இருக்கா?" என்று முடித்தாள்.

தினமும் இருக்கிறது என்று சொன்னேன். தம்பின் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். அவள் கேட்க வந்தது எனக்குப் புரிந்தது, புரியாத மாதிரி இருந்தது வசதியாக இருந்தது. இதை இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் பேனா கொஞ்சம் தயங்குகிறது.

இரண்டு மாதம் கழித்து அவளிடமிருந்து கடிதம். பள்ளிக்குப் போயிருக்கிறார் வாப்பா. தலைமையாசிரியை முன்னால் தொப்பியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்து, "ரெண்டு பேரு வரணும்னுதானே சட்டம்? ரெண்டாவது ஆளு பொம்பளப் புள்ளயாத்தான் இருக்கணுமாமா? இந்த அம்மாகிட்ட கேளு" என்றிருக்கிறார். பரீதா அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறாள். அந்தக் கண்டிப்பான அம்மாள் அன்றைக்குத்தான் பல் தெரியச் சிரித்தாராம்.

அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும், கூட்டம் நெரியும் காலை நேரத்தில் கடையைச் சாத்திவிட்டு, வாப்பா கடைசி மேசையில் என் முக்காலியில் உட்கார்ந்தார். பையன்கள் அவரைப் பார்த்துச் சிரிக்கத் துணியவில்லை. மசாலா வியாபாரியின் மூக்கல்லவா, மாஸ்டர் புட்டியைத் திறக்கும் முன்பே, "ம்... அதே முட்டதான்" என்று உரக்கச் சொல்லிவிடுவாராம். மாஸ்டர் முதல் முறையாகக் கரும்பலகையிடம் பேசுவதை விட்டுவிட்டு, அவரைப் பார்த்து, "பாய், பரீட்சை உமக்கில்லை" என்றாராம்.

செப்டம்பரில் வந்த கடிதத்தில் அவள் எழுதியிருந்தாள்: 'நேற்று மெர்டேக்கா. ஊரே கொண்டாடியது, நாங்களும் போனோம். ஆனால் சனிக்கிழமையாகப் பார்த்து வந்துவிட்டதே, ஒரு செய்முறை வகுப்பு போய்விட்டது.'

கிரெடிட் வாங்கினாள். எனக்கு ஒரு வருடம் பின்னால் பல்கலைக்கழகத்துக்கு வந்தாள், டாக்டரானாள். பல ஊர்களில் வேலை பார்த்துவிட்டு, கடைசியில் கிளேபாங்கில் கிளினிக் வைத்தாள். வாப்பா அங்கே வருகிற நோயாளிகளிடம், "எம் மகளோட சேந்து கெமிஸ்ட்ரி படிச்சவன் நான்" என்று சொல்லாமல் விடமாட்டார். நான் கெமிஸ்ட்ரி டீச்சரானேன். ஒரு நாள் அவளிடம், "அன்னைக்கு நீ கேக்க வந்தது எனக்குப் புரிஞ்சுச்சுடி" என்று சொன்னேன். "தெரியும்லா. அதான் ரயிலப் பத்திக் கேட்டேன்" என்றாள், நாடி பார்க்கிற அதே முகத்தோடு.

வாப்பா போய் வெகுகாலமாகிறது. மசாலாக் கடை இருந்த இடத்தில் இப்போது சுற்றுலாப் பயணிகளுக்குக் காப்பி விற்கிறார்கள். கிளினிக்கையும் மூடிவிட்டார்கள். பரீதா போய் மூன்று வருடம்.

போன வருடம் ஒரு காலையில், ஏனோ தெரியவில்லை, டாக்சி பிடித்து அந்த ஆண்கள் பள்ளிக்குப் போனேன். ஆய்வகம் இருந்த கட்டடமே இல்லை. அங்கே கார்கள் நின்றன. காவலாளி ஒரு மலாய்ப் பையன், மரியாதையாக நாற்காலி இழுத்துப் போட்டான். வருகிறவர்கள் எழுதும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஆண்ட்டி, யாரைப் பார்க்கணும்?" என்று மலாயில் கேட்டான்.

அவன் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். எழுதச் சொல்ல என்னிடம் ஒரு பெயரும் இல்லை.