வைஃபைக்கு வைத்த பெயர்

என் மனைவி ‘ழ’ சொல்லிக்கொடுக்கும்போதுதான் பெரும்பாலும் படம் நின்றுபோகும். நாக்கை உள்ளே மடித்து, வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருப்பாள். பிரான்சில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கும் அண்ணன் தங்கை இரண்டு பேருக்கும் அந்தத் திறந்த வாய் மட்டும் அப்படியே தெரியும், சத்தம் போகாது. அந்தப் பிள்ளைகளின் அம்மா ஒருமுறை அதைப் படமாகப் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். விளையாட்டாகத்தான் அனுப்பினார். என் மனைவி அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அவள் பாகூர்ப் பக்கம் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்தவள். பிள்ளைகள் குறைந்துகொண்டே போய், ஒரு கோடை விடுமுறைக்குப் பிறகு அந்தப் பள்ளி திறக்கவே இல்லை. வேறு பள்ளிகளில் கேட்டுப் பார்த்தாள். இளம் வயதுக்காரர்களாகத்தான் எடுத்தார்கள். அந்தச் சமயத்தில்தான் உறவுக்காரர் ஒருவர் மூலமாக இந்தக் குடும்பம் வந்தது. புதுச்சேரியிலிருந்து போய் அங்கேயே நிலைத்துவிட்டவர்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வருமே தவிர எழுதப் படிக்க வராது. புதன்கிழமை மதியம் அங்கே பள்ளி கிடையாதாம். அவர்களுக்கு மதியம் என்பது நமக்குச் சாயங்காலம். அதனால் புதனும் சனியும் ஆறரை மணிக்கு வகுப்பு.

வகுப்பு நாளில் மனைவி கஞ்சி போட்ட காட்டன் புடவை கட்டிக்கொள்வாள். லேப்டாப்பில் இடுப்புக்கு மேலேதான் தெரியும் என்று நான் சொன்னாலும் மடிப்புகளை எண்ணி எண்ணி வைப்பாள்.

அந்த அம்மா ஒரு சனிக்கிழமை மிகவும் தயங்கித் தயங்கிச் சொன்னார். இந்த மாதமும் இப்படியே நின்று நின்று போனால், தங்கள் ஊரிலேயே ஒரு சங்கத்தில் தமிழ் வகுப்பு நடக்கிறது, பிள்ளைகளை அங்கே சேர்த்துவிடலாம் என்று பார்க்கிறோம் என்றார். என் மனைவி, அதுவும் நல்லதுதாங்க என்றாள். லேப்டாப்பை மூடிய பிறகு வெகு நேரம் புடவையை மாற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு ஆட்களிடம் பேசுவதைவிட இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பது சுலபம். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பாக்கிங் மெஷின் ஓட்டுகிறேன். மெஷின் நின்றால் யாரையாவது கூப்பிடுவதற்கு முன்னால் எந்த விளக்கு எரிகிறது, எது எரியவில்லை என்று பார்ப்பேன். அதேபோல வீட்டு மோடத்தின் முன்னாலும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஆறு மணிக்கு மேல் ஒரு பச்சை விளக்கு பைத்தியம் பிடித்ததுபோல் துடித்தது. எங்கள் வீட்டில் அப்போது யாரும் நெட் பார்க்கவில்லை. அப்படியானால் யாருக்காகத் துடிக்கிறது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

யோசித்தபோது புரிந்தது. நெட் லைன் போட வந்த தம்பி பாஸ்வேர்டு என்ன வைக்கட்டும் என்று கேட்டபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வீட்டு போன் நம்பரையே வைத்துவிடுகிறேன், மறக்காது என்றார் அவர். வாசலில் நின்று அதை ஒருமுறை சத்தமாகச் சொல்லியும் பார்த்தார். எங்கள் தெருவில் அந்த நம்பர் இல்லாத போன் கிடையாது. பள்ளிவிட்டு வந்த பிள்ளைகளும், வேலை முடித்து வந்தவர்களும் சாயங்காலம் எங்கள் மதில் ஓரமாக ஏன் நிற்கிறார்கள் என்பதற்கும் அன்றைக்குத்தான் காரணம் தெரிந்தது.

பாஸ்வேர்டை மாற்றித் தரும்படி அந்தத் தம்பிக்கு மெசேஜ் அனுப்பினேன். அந்தப் பெட்டி கம்பெனி பூட்டு போட்டது, தாங்களே உள்ளே போக முடியாது என்று பதில் வந்தது. வேண்டுமானால் தனியாக ஒரு ரூட்டர் வாங்கி அதற்குப் பின்னால் மாட்டிக்கொள்ளுங்கள் என்றும் எழுதியிருந்தார். ‘அதற்குப் பின்னால்’ என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை.

ஒரு விடுமுறை நாளில் வண்டியை எடுத்துக்கொண்டு அரியாங்குப்பம் போனேன். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, “மெத்தை வூடா, ஓட்டு வூடா?” என்பதுதான். மெத்தை வீடு என்றேன். கான்கிரீட் சுவர் சிக்னலைக் குடித்துவிடும் என்று சொல்லி, நான்கு கொம்பு வைத்த பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார்.

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். பின்பக்கம் மஞ்சளாக நான்கு துளை, நீலமாக ஒன்று. மஞ்சளுக்கு லேன் என்றும் நீலத்துக்கு வேன் என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. பத்தாவது வரை படித்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு இது எந்த வேன் என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். கூட வந்த காகிதத்தில் படம் இருந்தது. மோடத்திலிருந்து வருகிற வயரை நீலத்தில் செருகினேன். புதுப் பெட்டியின் வைஃபை போனில் தெரிந்தது. ஆனால் நெட் வரவில்லை.

பெட்டிக்குள் போய்ப் பார்ப்பதற்கு 192.168.1.1 என்று அடிக்கச் சொல்லியிருந்தது. அடித்தேன். புதுப் பெட்டியின் பக்கம் வந்தது. கொஞ்சம் கழித்து அதே எண்ணை அடித்தால் மோடத்தின் பக்கம் வந்து நின்றது, பூட்டோடு. மறுபடி அடித்தால் புதுப் பெட்டி. ஒரே எண், இரண்டு வீடு. போன் பழைய வைஃபைக்கும் புது வைஃபைக்கும் தானாகத் தாவிக்கொண்டிருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கவே எனக்கு அன்றைய பொழுது போயிற்று. நேரம் போனது தெரியவில்லை. சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை என்று மனைவி கோபித்துக்கொண்டாள்.

எங்கள் தெருவில் கொம்யூன் பஞ்சாயத்து புதுக் கதவு எண் எழுதியபோது, எங்கள் பழைய எண்ணும் கோடி வீட்டுப் புது எண்ணும் ஒன்றாகிவிட்டது. கூரியர்காரர் இன்றைக்கும் நடுத்தெருவில் நின்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்ப்பார். இந்தப் பெட்டிகளுக்கும் அதே கதிதான் என்று தோன்றியது. இரண்டும் தம்மை 1.1 என்றே சொல்லிக்கொள்கின்றன. வெளியே போக வேண்டிய தபால், எந்த 1.1 என்று தெரியாமல் நிற்கிறது. புதுப் பெட்டியின் எண்ணை 192.168.2.1 என்று மாற்றிச் சேமித்தேன். அது அணைந்து, மறுபடி எரிந்தது. நெட் வந்துவிட்டது. யாரிடமாவது சொல்லிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. மனைவியிடம் சொன்னேன். “வூட்டு நம்பரா? யார் வூட்டு நம்பர மாத்தினீங்க?” என்று பயந்துபோய்க் கேட்டாள்.

புதன்கிழமை புதுப் பெட்டியில் வகுப்பு தொடங்கியது. பத்து நிமிடத்தில் படம் நின்றது.

அப்போதுதான் உறைத்தது. நான் வைத்தது புதுக் குழாய். தண்ணீர் வருவது பழைய தொட்டியிலிருந்து. தெரு முழுக்க இன்னும் மோடத்தின் வைஃபையிலேயே குடித்துக்கொண்டிருந்தது. பூட்டிய பெட்டியை என்ன செய்வது என்று மோடத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பக்கவாட்டில் ஒரு சின்னப் பொத்தான். அருகில் வைஃபைக்குப் போடுகிற விசிறி மாதிரியான படம். இத்தனை நாளும் அது ஆணியை மறைக்கிற மூடி என்று நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை ஆறரைக்கு அதை அழுத்தினேன். பழைய வைஃபை போனிலிருந்து மறைந்தது. உள்ளே படம் நிற்கவே இல்லை. மனைவியின் குரலும் பிள்ளைகளின் குரலும் மாறி மாறிக் கேட்டன.

சற்று நேரத்தில் பக்கத்து வீட்டு அம்மா எங்கள் கேட்டருகே வந்தார். அவர் கணவர் பாகூர் கடைத்தெருவில் வளையல், ரிப்பன், பாத்திரம் எல்லாம் வைத்து ஃபேன்சி கடை நடத்துகிறார். கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து அவர் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

“அண்ணே, நெட்டு வரலியே. உங்களுக்கு வருதா?”

“லைன்ல ஏதோ கோளாறு போல” என்றேன்.

அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியாக லேப்டாப்பிலிருந்து ஒரு பிள்ளையின் குரல் தெளிவாக வந்தது. ‘வாழைப்பழம், டீச்சர்!’ பின்னாலேயே என் மனைவி, இன்னொரு முறை சொல்லு கண்ணு என்றாள்.

பக்கத்து வீட்டு அம்மா ஜன்னலைப் பார்த்தார். “டீச்சருக்கு மட்டும் லைன் இருக்குது போல” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

வகுப்பு முடிந்ததும் மனைவிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அவள் காதுக்கு எதுவும் தப்பாது.

“அவங்க புள்ளைங்க ரெண்டுக்கும் நான்தான் அனா ஆவன்னா சொல்லிக் குடுத்தேன். இனிமே அந்த வாசல்ல எப்படிங்க போய் நிப்பேன்? கிளாஸ் நேரம்னு ரெண்டு வார்த்த, அவ்ளோதான். அது வராதா வாயில?”

“நீ சொல்லேன்” என்றேன்.

“மூடினது நானா?”

போய்ப் பொத்தானை மறுபடி அழுத்தி, பழைய வைஃபையைத் தெருவுக்குத் திறந்துவிட்டேன். ஆனால் புதன்கிழமை வரும். மாதமும் முடியப்போகிறது.

அந்த நாட்களில் வேலை முடிந்து வந்ததும் புதுப் பெட்டியின் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அதில் ‘கெஸ்ட்’ என்று ஒன்று இருந்தது. வருகிறவர்களுக்கென்று தனி வைஃபை, தனிப் பெயர், தனி பாஸ்வேர்டு. வந்தவர்களை முன் ஹாலில் உட்காரவைப்பதுபோல. இன்ன நேரத்தில் தானாக மூடிக்கொள்ளும்படியும் செய்யலாம். அதுதான் வழி என்று முதலில் சந்தோஷப்பட்டேன். மனைவியிடம் சொன்னபோது, நீங்கள் மூடினால் என்ன, பெட்டி மூடினால் என்ன, கேட்டுக்கு வந்து கேட்டால் மறுபடியும் கோளாறு என்றுதானே சொல்லப்போகிறீர்கள் என்றாள்.

போனில் வைஃபை பட்டியலைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கம்பக்கத்துப் பெயர்கள் வரிசையாக வந்தன. அரிசி மில்லுடையது, யாரோ ஒரு மாமாவின் பெயரில் ஒன்று, வெறும் எண்களாக ஒன்று. இவற்றுக்குள் நான் போக முடியாது. ஆனால் பெயரைப் படிக்க முடிகிறது. தெருவில் யார் போனைத் திறந்தாலும் இந்தப் பெயர்கள் தெரியும். அது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. கேட்டுக்குப் போகாமலே ஒரு செய்தியை எல்லார் கையிலும் வைக்கலாம்.

கெஸ்ட் வைஃபைக்குப் பெயர் வைக்க உட்கார்ந்தோம். தமிழ் வகுப்பு என்று அடித்தேன். நீளம் அதிகம் என்று பெட்டி மறுத்தது. முப்பத்திரண்டு எழுத்து வரை போடலாம் என்றும் அதிலேயே இருந்தது.

“ஏழு எழுத்துதானே?” என்றாள் மனைவி. விரல்விட்டு எண்ணிக் காட்டினாள்.

நானும் எண்ணினேன். ஏழுதான். பின்னாலிருந்து ஒவ்வொன்றாக அழித்துப் பார்த்தேன். ‘தமிழ் வகுப்’ என்பதுவரை ஒத்துக்கொண்டது. நம் எழுத்து ஒவ்வொன்றுக்கும் அது மூன்று, ஆறு என்று இடம் கேட்கிறது என்று பிறகு யூடியூப்பில் ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். கொம்பு, புள்ளி எல்லாவற்றுக்கும் தனித்தனி இடமாம்.

“வகுப்! தமிழ் டீச்சர் வூட்டு வாசல்ல இப்படி ஒரு போர்டா? வேணவே வேணாம்” என்றாள்.

கடைசியில் ஆங்கில எழுத்திலேயே ‘புதன் சனி 6.30-7.30 கிளாஸ்’ என்று போட்டேன். அது முழுதாக உள்ளே போனது. அவளுக்கு அதுவும் பிடிக்கவில்லை. பாஸ்வேர்டு பழைய போன் நம்பரே. நேரம் வந்தால் மூடுகிற ஏற்பாட்டை வைக்கவில்லை. மோடத்தின் பொத்தானை மட்டும் அழுத்திப் பழைய வைஃபையை நிறுத்தினேன். இனி தெருவுக்கு நெட் வேண்டுமென்றால் அந்தப் பெயரைத் தொட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

மறுநாளே பக்கத்து வீட்டு அம்மா மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து போனைத் தூக்கிக் காட்டினார். “இன்னாண்ணே இது, வைஃபைக்கே டைம்டேபிள் போட்டு மாட்டிகினு இருக்க?” என்றார். நான் தலையாட்டினேன். சம்மதமா கோபமா என்று அவர் முகத்தை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் மனைவி புடவை கட்டிக்கொண்டு அறைக்குள் போனாள். பிள்ளைகளின் அம்மாவும் இன்றைக்குக் கூட உட்காரப்போவதாகச் செய்தி அனுப்பியிருந்தார். எதற்கு என்று எங்கள் இருவருக்கும் தெரியும். கெஸ்டில் எத்தனை போன் இருக்கிறது என்று பெட்டி காட்டும். நான் ஹாலில் உட்கார்ந்து அதையே பார்த்தேன். ஒன்பது இருந்தது. ஆறரை ஆகியும் ஒன்பதுதான். பொத்தான் பக்கம் கை போனது. இது புதுப் பெட்டி, இதில் பொத்தான் இல்லை என்று ஞாபகம் வந்தது.

அப்போது மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அம்மாவின் குரல் கேட்டது. “டேய், ஆறரை ஆயிடுச்சு, ஆஃப் பண்ணு. நீயும்தான்டி. பேர்ல எழுதிப் போட்டிருக்கறது கண்ணு தெரியலியா?” ஒன்பது ஏழாயிற்று. மதில் ஓரம் நின்றவர்களுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். ஐந்து, மூன்று என்று இறங்கியது. ஒன்று மட்டும் கடைசிவரை போகவே இல்லை. அது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த ஒன்றால் எந்தக் கெடுதலும் வரவில்லை.

உள்ளே படம் நிற்கவில்லை. பாடம் முடிந்த பிறகும் பேச்சு கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெண்பிள்ளை தன் பெயரைத் தமிழில் எழுதிக் காட்டினாள் போலிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அம்மாவும் தன் பெயரை எழுதிப் பார்த்தார். அவருக்கும் எழுத வராது என்பதை அன்றைக்குத்தான் சொன்னார். தனக்கும் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று அவர் கேட்டதும், என் மனைவி முதல் எழுத்திலிருந்து தொடங்கிவிட்டதும் கதவு வழியாக எனக்குக் கேட்டது.

கேட் சத்தம் போட்டது. பக்கத்து வீட்டு அம்மா நின்றிருந்தார்.

“அண்ணே, ஏழரைன்னு போட்டிருக்க. மணி எட்டாவப் போவுது, டீச்சர் கொரலு இன்னும் கேட்டுகினே இருக்குது. நாங்க எப்பதான் ஆன் பண்றது?”

நான் எழுந்து கேட் வரைக்கும் போனேன். “கிளாஸ் இன்னும் முடியல. பத்து நிமிஷம்” என்றேன்.

“பத்துன்னு சொல்லிட்டு இருவது ஆக்காத” என்று சொல்லிவிட்டுப் போனார்.