ப்ளக்கைப் பிடுங்காதீங்க சேச்சி

நம்மூர் ஐப்பசிக்குத் திருவனந்தபுரத்தில் துலாம் என்று பெயர். அந்த மாதத்தில் மத்தியானத்தில் முதல் இடி கேட்டதும் தெருவில் நிற்கிறவர்கள் எல்லாரும் வீட்டுக்குள் ஓடுவார்கள். ஓடி என்ன செய்வார்கள்? ப்ளக் பிடுங்குவார்கள். டிவி, ஃப்ரிட்ஜ், மிக்ஸி, ஒன்று பாக்கி இருக்காது. பாளையங்கோட்டையில் எங்கள் தெரு நேரெதிர். இடி கேட்டால் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, இந்தத் தடவையாவது பெய்யுமா என்று அண்ணாந்து பார்ப்போம். வந்த புதிதில் இங்கேயும் அப்படி நான் மட்டும் தெருவில் நின்று பார்த்திருக்கிறேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

ஸ்கேன் படங்களைக் காட்டும் மென்பொருள் செய்கிற சின்னக் கம்பெனியில் எனக்குத் தற்காலிக வேலை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று மூலநிரலோடு இலவசமாகக் கிடைக்கிற ஒரு பெரிய தொகுப்பை நானே வீட்டில் கம்பைல் செய்து, வெள்ளிக்கிழமை ஒரு டாக்டரிடம் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் வேலை நிரந்தரம். ஓடாவிட்டால் ஊருக்கு பஸ். அம்மா அதற்குள் பீரோவில் எனக்கென்று ஒரு தட்டைக் காலி செய்து வைத்துவிட்டாள்.

கம்பைல் செய்வது, அதாவது மூலநிரலை ஓடுகிற மென்பொருளாக மாற்றுவது, மாவு பாக்கெட் வாங்காமல் அரிசி ஊறப்போட்டு அரைக்கிற மாதிரி. எந்தெந்தப் பகுதி வேண்டும் என்று அது கேட்டது. பந்தியில் உட்கார்ந்தால் எதையும் வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லாத நான், எல்லாவற்றுக்கும் 'ஆன்' போட்டேன். புதன்கிழமை காலையில் ஆரம்பித்தது சாயங்காலம் வரை அரைத்துக்கொண்டே இருந்தது. இடி இடித்தது. காய்ந்த துணியை எடுக்க நான் மொட்டை மாடிக்கு ஓடினேன். அந்த நேரம் பார்த்துக் கீழே குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரர் சுமதி சேச்சி படிக்கட்டிலுள்ள மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டார். கரண்ட் போனாலும் கம்ப்யூட்டரை ஓட்டுகிற பேட்டரிப் பெட்டி கீ கீ என்று கத்தியிருக்கிறது.

"மோளே, அது பொட்டித்தெறிக்கப் போகுதுன்னு பயந்து போயி. நான் ஓடி வந்து அதையும் நிறுத்தி!" என்றார், என் உயிரைக் காப்பாற்றிய பெருமையோடு.

மறுபடி ஓட்டினால், பாதியில் செத்த கோப்பு ஒன்று முழுசு மாதிரி நடித்து எல்லாவற்றையும் கெடுத்தது. அழுகையே வந்துவிட்டது. மொத்தத்தையும் அழித்து, வேண்டாததை 'ஆஃப்' செய்து, வியாழக்கிழமை முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

மூன்று மணிக்கு வானம் கறுத்தது. சேச்சி படியேறி வந்தார். நான் மெயின் ஸ்விட்ச் முன்னால் கையை விரித்து நின்றேன்.

"மாறு மோளே, தள்ளி நில்லு!"

"மாட்டேன் சேச்சி. இது நின்னா என் வேலை போயிரும்."

"வேலை போனா வேற கிட்டும். ஜீவன் போனாலோ?"

"நான் ஊருக்குப் போயிட்டா இந்த மாடிக்கு யாரு வருவா? எனக்கு முன்ன இருந்த பசங்க ராப்பகலா டிரம் அடிச்சாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சேச்சியின் முகம் மாறியது. டிரம், இடியைவிட மோசம் போலிருக்கிறது. என் ப்ளக் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பிடுங்கினார். பிறகு ரப்பர் செருப்போடு என் கட்டிலில் ஏறிக் காலை மடக்கி உட்கார்ந்து, இடி விலக அர்ஜுனன் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார். இடிக்கு நாங்களும் 'அர்ஜுனா' என்போம்தான், ஆனால் எங்களுக்கு அந்த ஒரு பெயர்தான் தெரியும். சேச்சி பத்தையும் வரிசையாகச் சொன்னார். அடேயப்பா! நானும் பின்பாட்டுப் பாடினேன். இடிக்கு இடி கம்பைல் சதவீதம் ஏறியது. நூறு ஆனதும் மாதிரிப் படத்தைத் திறந்தேன். திரையில் ஒரு மண்டையோடு மெல்லச் சுற்றியது.

"ஐயோ! இது யாரு?"

"தெரியாது சேச்சி. சும்மா மாதிரிக்கு."

"பாவம்," என்று சேச்சி அதைக் கும்பிட்டார்.

வெள்ளிக்கிழமை டாக்டர் அந்த மண்டையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, கொள்ளாம், நல்லாயிருக்கு என்றார். வேலை நிரந்தரம் என்றார் மேனேஜர். சந்தோஷம் தாங்காமல் வீட்டுக்கு வந்த நான், வாசலில் நின்ற சேச்சியிடமே முதலில் சொல்லித் தொலைத்தேன். அவர் அரிசி அடைத் துண்டுகள் போட்ட பாலடைப் பாயசம் வைக்க ஓடினார். அதன் பிறகுதான் அம்மாவுக்கு போன் போட்டேன்.

"நல்லதுதாம்மா," என்றாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "அப்ப நீ இனி வரமாட்டியாட்டி?"

சேச்சி அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய கரண்டிப் பாயசத்தை என் வாயில் திணித்தார்.

"என்னட்டி, பதிலைக் காணோம்?"

விழுங்கினால் பதில் சொல்ல வேண்டும். நான் அடையை மென்றுகொண்டே நின்றேன்.